மாப்ளயின் ஊருக்கு வந்த சார்ஜண்ட்

மதுரை எனக்குப் பிறந்த ஊர். ஆனால் யுத்தம் முடிந்த அந்த மழைக்காலத்தில் அதை வெளியூர்க்காரனைப் போலத்தான் சுற்றிப் பார்த்தேன். காரணம், என்னோடு வந்தவர்.

கிழக்கு ஆப்பிரிக்கப் பட்டாளம் ஒன்றில் நான் அப்போது மொழிபெயர்ப்பாளன். அதற்கு முன் மொம்பாசாவில் ஒரு குஜராத்திச் சேட்டின் துணிக்கடையில் வேலை. எங்கள் வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். சேட்டு பேசுவது எனக்குப் பாதி புரியும், நான் பேசுவது அவருக்குப் பாதி புரியும். அந்தப் பாதியை நம்பித்தான் கடல் தாண்டினேன். சுவாஹிலியைக் கடைக்கு வந்தவர்களிடம் கற்றுக்கொண்டேன். யுத்தம் வந்ததும் துணி அளந்த கை பட்டாளத்துக்கு வந்துவிட்டது.

எங்கள் அணிக்கு லாரி ஓட்டிய மதுரைப் பக்கத்து ஆள் ஒருவன் பர்மாவில் இறந்துபோனான். ஒச்சப்பன் என்பது அவன் பெயர். அவனுடைய தகரப்பெட்டியை வீட்டில் சேர்க்க வேண்டும். ரயில் பார்சலில் போட்டுவிடலாம் என்றார் கேப்டன். சார்ஜண்ட் கிப்ரோனோ ஒத்துக்கொள்ளவில்லை. கையில் கொண்டுபோய்த்தான் கொடுப்பேன் என்று நின்றார். அவருக்கு விடுப்பு இருந்தது, தமிழ் தெரியாது. எனக்குத் தமிழ் தெரியும், விடுப்புக் கிடைக்காமல் இருந்தது. இருவரையும் சேர்த்து அனுப்பிவிட்டார்கள்.

கிப்ரோனோ கென்யாவின் மேட்டு நிலத்துக்காரர், நந்தி இனம். நெடுநெடுவென்ற உயரம். பர்மாவில் குண்டு பட்டதால் இடதுகால் கொஞ்சம் இழுக்கும். அவர் மதுரை ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் ஜட்கா வண்டிக்காரர்கள் பேரம் பேசுவதை நிறுத்திவிட்டார்கள். கடைசியில் ஒருவர் மட்டும் குதிரையைத் தட்டிக்கொண்டு வந்து, "ஏறச் சொல்லுங்கண்ணே. ஆனா நடுவுல உக்காரச் சொல்லுங்க. பின்னாடி உக்காந்தா குதிரை மேல தூக்கிக்கிரும்" என்றார். மொழிபெயர்த்தேன். சார்ஜண்ட் சிரித்துக்கொண்டே நடுவில் உட்கார்ந்தார்.

சிம்மக்கல்லில் ஒரு காப்பிக் கிளப்புக்குப் போனோம். கல்லாவில் இருந்தவர் எழுந்து நின்றார். மரியாதையா பயமா என்று தெரியவில்லை.

"அண்ணே, இவுக பட்டாளமா?"

"ஆமா. ஆப்பிரிக்கா."

"அப்ப உள்ளதான் உக்காரணும். எங்கிட்டு உக்கார வைக்கிறதுன்னுதான் யோசிக்கேன்."

யோசித்துச் சமையலறைக்குப் பக்கத்தில், புகைபோக்கியை ஒட்டி, தனியாக ஒரு மேஜை காட்டினார். இதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. உட்கார்ந்ததும் கிப்ரோனோ சொன்னார்: "நைரோபியில் ஓட்டலுக்கு மூன்று கதவு உண்டு. வெள்ளைக்காரருக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று, எங்களுக்கு ஒன்று. எங்கள் கதவு சமையலறைப் பக்கம் திறக்கும். இங்கே கதவு ஒன்றுதான். ஆனால் நான் வந்து சேர்ந்த இடம் அதேதான்."

மொம்பாசாவில் எங்கள் சேட்டின் கடையில் ஆப்பிரிக்கர் உட்கார நாற்காலியே கிடையாது என்றேன். "தெரியும். அந்த மாதிரிக் கடைகளில் நின்று துணி வாங்கியிருக்கிறேன்" என்றார்.

இட்லி அவருக்குப் பிடித்துவிட்டது. மிளகாய்ப்பொடிதான் சண்டை போட்டது. கண்ணில் நீர் வழிய, இதைச் சாப்பிடும் ஊரை ஜப்பான்காரன் எப்படிப் பிடித்திருப்பான் என்று கேட்டார். சாயங்காலம் வைகையைப் பார்க்கப் போனோம். நல்லவேளையாகத் தண்ணீர் ஓடியது. வருஷத்தில் பாதி நாள் மணலைக் காட்டித்தான் இதை ஆறு என்று சொல்ல வேண்டியிருக்கும்.

மறுநாள் உசிலம்பட்டிச் சாலையில் கரி பஸ். பெட்ரோல் தட்டுப்பாட்டினால் பஸ்ஸின் முதுகில் ஒரு பெரிய பீப்பாயைக் கட்டி, அதில் அடுப்புக்கரியை எரித்து, அந்த வாயுவில் ஓட்டிய காலம் அது. கண்டக்டருக்கு டிக்கெட் கொடுப்பதைவிட நெருப்பு விசிறுவதுதான் பெரிய வேலை. நாகமலையைத் தாண்டி ஒரு மேட்டில் பஸ் மூச்சு விட்டு நின்றது. எல்லோரும் இறங்கித் தள்ளினோம். காலை இழுத்துக்கொண்டு கிப்ரோனோவும் தள்ளினார்.

கோழிக்கூடையோடு நின்ற ஒரு அம்மாள், "அந்தக் கருத்த பட்டாளத்துக்காரரு ஒருத்தரு தள்ளுனாப் போதும் போலிருக்கே, நீங்கள்லாம் எதுக்குப்பா?" என்றாள்.

சார்ஜண்டிடம் சொன்னேன். "இந்த வண்டியில் வெளுத்தவர் யார் இருக்கிறார் என்று அந்த அம்மாவிடம் கேள்" என்றார். கேட்டேன். அவள் எல்லோர் முகத்தையும் ஒருமுறை பார்த்தாள். கரிப்புகையும் சேர்ந்திருந்ததால் பதில் சொல்ல முடியாமல் சிரித்துவிட்டாள்.

பஸ்ஸுக்கு மறுபடி நெருப்புப் பிடிக்கும்வரை ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்தோம். அங்கேதான் அவர் தன் வீட்டைப் பற்றிப் பேசினார். அவருடைய தாத்தா வெள்ளைக்காரரோடு ஈட்டி எடுத்துச் சண்டை போட்டவர். அவர்கள் மலை வழியாக ரயில் வந்தபோது தந்திக் கம்பியை அறுத்து வீட்டுப் பெண்களுக்குக் காப்பு செய்து கொடுத்தவர். சமாதானம் பேச வா என்று கூப்பிட்டுத் தலைவரைச் சுட்டுவிட்டார்கள் என்று அவர்கள் ஊரில் சொல்வார்கள். அதன்பிறகு வெள்ளைக்காரர்கள் மாடுகளையெல்லாம் ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். தாத்தா ஒரு மாடுகூட இல்லாதவராகச் செத்தார்.

"அப்பா?"

"அப்பா அதே வெள்ளைக்காரரிடம் ஊர்த்தலைவர் வேலை வாங்கிக்கொண்டார். வீடு வீடாகக் குடிசைகளை எண்ணி வரி வசூலிக்க வேண்டும். கொடுக்காதவன் குடிசையை எரிக்க ஆள் கூட்டிக்கொண்டு வருவார். தாத்தா கடைசிவரை அவர் கொடுத்த பாலைக் குடிக்கவில்லை."

நீங்கள் யார் பக்கம் என்று கேட்கத் தோன்றியது. அவர் தோளில் வெள்ளைக்காரர் கொடுத்த சார்ஜண்ட் பட்டை மூன்று இருந்தது. கேட்கவில்லை.

ஒச்சப்பனின் ஊருக்குள் நாங்கள் நுழைந்ததும் தெரு காலியாகிவிட்டது. ஒரு வீட்டில் அம்மி அரைக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது, அதுவும் நின்றது. காக்கிச் சட்டையைப் பார்த்ததும் வந்த பயம் அது. எனக்கு விஷயம் தெரியும் என்பதால் சார்ஜண்டுக்கு விளக்கினேன். மதுரைக்கு மேற்கே பல ஊர்களில் ஆண்பிள்ளைகள் எல்லோருடைய கைரேகையும் போலீஸிடம் இருந்தது. திருடினவன், திருடாதவன் என்ற பேதமே இல்லை. குற்றப் பரம்பரை என்று சர்க்கார் முத்திரை குத்திய சாதியில் பிறந்தால் போதும். இரவில் ஊரை விட்டுப் போக ராச்சீட்டு வாங்க வேண்டும். பலர் பொழுது சாய்ந்ததும் போலீஸ் காட்டிய கொட்டகையில் போய்ப் படுக்க வேண்டும். ரேகைச் சட்டம் என்பார்கள்.

கிப்ரோனோ நடப்பதை நிறுத்தினார். "எங்களுக்கு அது கழுத்தில் தொங்கும்" என்றார். அவர்கள் நாட்டில் வேலை தேடி வெளியே போகிற ஆப்பிரிக்க ஆண் கைரேகை வைத்த தாளை ஒரு சின்ன உலோகப் பெட்டியில் போட்டு மாட்டிக்கொள்ள வேண்டும். கிபாண்டே என்று பெயர். "பட்டாளத்தில் சேர்ந்த அன்று கழற்றினேன். இந்தச் சட்டையைக் கழற்றினால் அது திரும்ப வரும்."

குடை பிடித்துக்கொண்டு ஒருவர் வந்தார். அந்த ஊர் நாட்டாண்மை. ஐம்பது வயதிருக்கும். யார் எங்கே படுத்தார்கள் என்று தினமும் ஸ்டேஷனுக்குச் சொல்வது அவர் பொறுப்பு. நாங்கள் வந்த காரியத்தைக் கேட்டதும் முகம் மாறிவிட்டது.

"நல்ல நேரத்துல வந்தீக. போன வாரம் ஸ்டேஷன்ல சொல்லிவிட்டாக. ஒச்சப்பன் உத்தரவை மீறிப் போயிச் செத்தானாம், டூட்டியில சாகலையாம். மகன் பட்டாளத்துல இருக்கான்னுதான் அவுக அப்பன் விருமனை ரேகையில இருந்து எடுத்திருந்தாக. இப்ப திரும்பப் பேரை ஏத்தச் சொல்றாக."

சொல்லிக்கொண்டே எங்களை வீட்டுக்குக் கூட்டிப்போனார். விருமன் கிணறு இறைக்கும் கமலைக்கயிறு முறுக்கிக்கொண்டிருந்தார். மனைவி பேச்சியம்மாள் வாசலில் நின்றாள். சார்ஜண்ட் தகரப்பெட்டியை இரண்டு கையாலும் அவளிடம் நீட்டி, ஒரே ஒரு சொல் சொன்னார்:

"மாப்ள."

அவர்களுக்கு நான்தான் விளக்க வேண்டியிருந்தது. ஒச்சப்பன் எல்லோரையும் மாப்ள என்றுதான் கூப்பிடுவான். கேப்டனைக்கூட ஒருநாள் கூப்பிட்டுவிட்டான். ஆப்பிரிக்கச் சிப்பாய்கள் அதுதான் அவன் பெயர் என்று நினைத்து, அப்படியே அழைத்தார்கள். அவன் இறந்த பிறகுதான் உண்மையான பெயர் அவர்களுக்குத் தெரிந்தது. அதன்பிறகும் மாற்றிக்கொள்ளவில்லை.

பேச்சியம்மாள் பெட்டியை வாங்கித் தரையில் வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு விருமன் கேட்டார்: "எப்படிச் செத்தான்? உள்ளதைச் சொல்லச் சொல்லுங்க."

தான் பார்த்ததையும் மற்றவர்கள் பிறகு சொன்னதையும் சேர்த்துக் கிப்ரோனோ சொன்னார், நான் மாற்றிச் சொன்னேன். ஓடையில் வெள்ளம் ஏறிக்கொண்டிருந்தது. எல்லா வண்டிகளும் உடனே இக்கரைக்கு வர வேண்டும் என்று கேப்டனின் உத்தரவு. அடிபட்டவர்கள் அக்கரையில் கிடந்தார்கள், ஸ்ட்ரெச்சர் தூக்க ஆள் இல்லை. இக்கரைக்கு வந்துவிட்ட ஒச்சப்பன் லாரியைத் திருப்பினான். கேப்டன் வழியில் நின்று மறித்தார். அவன் முடியாது என்று தலையை ஆட்டிவிட்டு ஓட்டிப்போய், பாதிப் பேரை ஏற்றிக்கொண்டு வந்தான். அந்தப் பாதியில் கிப்ரோனோவும் ஒருவர். மீதிப் பேருக்காக மறுபடி போனான். கரை இடிந்து லாரி தண்ணீரில் சாய்ந்துவிட்டது.

"அவன் போகாமல் இருந்திருந்தால் நான் இங்கே உட்கார்ந்திருக்கமாட்டேன்" என்று முடித்தார்.

நாட்டாண்மை வாசலில் குடையோடு நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். எங்களை அனுப்பும்போது யாரும் யோசிக்காதது இதுதான். உண்மையைச் சொன்னால் ஸ்டேஷன் சொன்னது சரியாகிவிடுகிறது: உத்தரவை மீறித்தான் செத்தான்.

விருமன் முதலில் அதைப் பிடித்துக்கொண்டார். "ஐயா, நாளைக்கு ஸ்டேஷனுக்கு வந்து, உத்தரவுப்படிதான் போனான்னு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க. எங்க கெணத்துல தண்ணி ஊறுறதே ராத்திரிதான். பங்காளியெல்லாம் மொறை வச்சு எறைக்கிறோம். நான் போயிக் கொட்டகையில படுத்துட்டா என் மொறை போயிரும். கொல்லையில ஒண்ணும் மிஞ்சாது."

"சொல்லக்கூடாது" என்றாள் பேச்சியம்மாள். அதுவரை அழாதவள் அப்போதுதான் அழுதாள். "எம்மவன் யாரு சொல்லியும் போகல. அவனாத்தான் போனான். அம்புட்டுப் பேரு பாக்கப் போயிருக்கான். அதை மாத்திச் சொன்னா, அவன் செஞ்சது வேற எவனோ செஞ்சதாயிரும்."

"தண்ணிக்கு நீ பதில் சொல்லு."

"நீங்க சொல்லுங்க. மவனுக்கு நான் பதில் சொல்றேன்."

இருவரும் எங்களை மறந்துவிட்டார்கள். நான் எல்லாவற்றையும் சார்ஜண்டின் காதில் சொல்லிக்கொண்டிருந்தேன். சண்டையை நிறுத்தாமலே பேச்சியம்மாள் கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும் வைத்தாள். கிப்ரோனோ களியை உருட்டி வாயில் போட்டு, "இது எங்கள் வீட்டுக் களி" என்றார். அவர்களும் இதே தானியத்தைத்தான் கிண்டித் தின்பார்களாம். தொட்டுக்கொள்ளக் குழம்புக்குப் பதில் கரி பூசிய சுரைக்குடுக்கையில் புளிக்கவைத்த பால். சொன்னபோது விருமன் நம்பவில்லை. சார்ஜண்ட் மூன்றாவது உருண்டையையும் தின்றதும் நம்பினார்.

சாப்பிட்ட பிறகு நாட்டாண்மையைப் பார்த்து சார்ஜண்ட் ஒரு கேள்வி கேட்டார்: "இந்த வேலையை ஏன் செய்கிறீர்கள்?"

எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் கேட்டேன். நாட்டாண்மைக்குக் கோபம் வரவில்லை. பழகிய கேள்வி போலிருக்கிறது.

"நான் இல்லாட்டி இன்னொருத்தன் வருவான். அவன் உள்ளூர்க்காரனா இருக்கமாட்டான். நானா இருந்தா காய்ச்சக்காரனை வீட்டுலயே படுடான்னு விட்டுட்டு, கொட்டகைக்கு வந்துட்டான்னு ஸ்டேஷன்ல சொல்லுவேன். இதெல்லாம் வெளிய சொல்லிக்கிற சங்கதியா?"

கிப்ரோனோ இதைக் கேட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். "என் அப்பாவும் இதைத்தான் சொல்வார்" என்றார். "சொல்லுக்குச் சொல் இதேதான். நான் ஒருநாளும் நம்பியதில்லை."

அன்று அங்கேயே தங்கினோம். காலையில் விருமனும் நாட்டாண்மையும் நாங்களும் ஸ்டேஷனுக்கு நடந்தோம். பேச்சியம்மாள் வரவில்லை. சார்ஜண்ட் என்ன சொல்லப் போகிறார் என்று எனக்குத் தெரியாது. வழியில் கேட்டதற்கு, "நான் சொல்வதை அப்படியே சொல், கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்" என்றார்.

சப்-இன்ஸ்பெக்டர் இளவயசுக்காரர், படித்தவர். சார்ஜண்டுக்கு நாற்காலி போட்டார், எனக்கும் போட்டார். மற்ற இருவரும் கதவோரம் நின்றார்கள்.

"டிரைவர் ஒச்சப்பன் கேப்டன் உத்தரவை மீறினானா இல்லையா? அது தெரிஞ்சாப் போதும்."

கிப்ரோனோ சுவாஹிலியில் மெதுவாகச் சொன்னார். நான் பாதி வாக்கியத்தில் தடுமாறினேன். அவர் என்னைப் பார்த்தார். முதலிலிருந்து மாற்றிச் சொன்னேன்: "ஒச்சப்பன் உத்தரவுப்படிதான் திரும்பிப் போனான். அந்த உத்தரவைக் கொடுத்தது நான். அங்கே அடிபட்டுக் கிடந்தவர்களில் நான்தான் மூத்தவன். என் ஆட்களைக் கொண்டுவா என்று கத்தினேன். அவன் கீழ்ப்படிந்தான். மீறியது யாராவது உண்டென்றால் அது நான்."

சப்-இன்ஸ்பெக்டர் பேனாவை வைத்துவிட்டார். "இது மேல போகும். அவருக்குத் தெரியுமா?"

"தெரியும்" என்றார் கிப்ரோனோ, நான் கேட்பதற்கு முன்பே.

சப்-இன்ஸ்பெக்டர் கதவுப் பக்கம் திரும்பினார். "என்ன நாட்டாண்மை, நேத்து வீட்டுல வச்சுச் சொன்னப்ப நீரும் இருந்திருப்பீரே. இப்படித்தான் சொன்னாரா?"

விருமன் தரையைப் பார்த்தார். அந்த மனிதர் ஆயுசில் பாதியை அந்த அறைக்கு வந்து ஊர்ச் சேதி சொல்வதிலேயே கழித்தவர். அதற்காகத்தான் அவருக்கு அந்தக் குடையும் மரியாதையும். ஒரு பொய் பிடிபட்டால் அவருடைய ரேகையும் ஏறிவிடும்.

நாட்டாண்மை குடையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார்.

"ஆமாங்கய்யா. இப்படியேதான் சொன்னாரு. அச்சு மாறல."

சப்-இன்ஸ்பெக்டர் எழுதினார். ஸ்டேஷன் ரைட்டர் பழக்கதோஷத்தில் ரேகை வைக்கும் மைப்பெட்டியைச் சார்ஜண்டின் பக்கம் நகர்த்தினார். கிப்ரோனோ அதை ஒரு விரலால் ஓரமாகத் தள்ளிவிட்டு, பேனாவைக் கேட்டு வாங்கி, தன் பெயரை முழுசாக எழுதினார்.

வெளியே வந்ததும் கிப்ரோனோ நாட்டாண்மையின் கையைப் பிடித்துக் குலுக்கினார். இருவருக்கும் பொதுவாக ஒரு சொல்லும் இல்லை. என்னை மொழிபெயர்க்கவும் கூப்பிடவில்லை.

வீட்டுக்குத் திரும்பியதும் விருமன் நடந்ததைச் சொன்னார். பேச்சியம்மாள் தகரப்பெட்டியைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன்.

"ஸ்டேஷன்ல எழுதுனது ஸ்டேஷனுக்கு. எனக்குச் சொன்னது எனக்கு" என்றாள். பிறகு சார்ஜண்டைக் காட்டி, "இவருக்கு ஒண்ணும் வந்துராதே?" என்று கேட்டாள்.

வராது என்று சொன்னேன். அது மட்டும் என் சொந்த மொழிபெயர்ப்பு.

விருமன் பெயர் ரேகையில் ஏறவில்லை. சட்டமே பிறகு போய்விட்டது, அதற்கு இன்னும் கொஞ்ச காலம் ஆயிற்று. அந்த வாக்குமூலம் மட்டும் எங்களுக்குப் பின்னாலேயே பட்டாளத்துக்கு வந்து சேர்ந்தது. கேப்டன் இருவரையும் கூப்பிட்டார்.

"உத்தரவைக் கொடுத்தது நீயா?"

"நான்தான்."

"அந்த நேரத்தில் நீ மயங்கிக் கிடந்தாய். அக்கரையிலிருந்து உன்னைத் தூக்கி வந்தபோது நான் பார்த்தேன்."

மொழிபெயர்த்தேன். "மயங்குவதற்கு முன்னால் கொடுத்தேன்" என்றார் கிப்ரோனோ.

கேப்டன் நினைத்திருந்தால் பொய் என்று எழுதியிருக்கலாம். ஆனால் முன்பு, மீறினான் என்று ஒரே வரியோடு விட்டிருந்தார்; இப்போது எழுதினால் ஒரு டிரைவர் அவரை நேருக்கு நேர் மறுத்துவிட்டுப் போன கதையையும் எழுத வேண்டியிருக்கும். அவர் சார்ஜண்டின் பட்டைகளைப் பறிக்கும்படி உத்தரவு போட்டார். கிப்ரோனோ தையலைத் தானே பிரித்து, மூன்று பட்டைகளையும் மேஜைமேல் வைத்தார்.

பம்பாயில் அவரைக் கப்பலேற்ற நானும் போனேன். சாதாரணச் சிப்பாய்களோடு வரிசையில் நின்றார். பட்டை இருந்த இடத்தில் சட்டைத் துணி வெளுக்காமல் அழுத்தமான காக்கியாக இருந்தது.

"பட்டை எங்கே என்று அப்பா கேட்டால் என்ன சொல்வீர்கள்?" என்றேன்.

"நாட்டாண்மையைப் பற்றிச் சொல்வேன்" என்றார். "அதன்பிறகு, அவரும் எப்போதாவது அப்படி ஒரு பொய் சொல்லியிருக்கிறாரா என்று கேட்பேன். இத்தனை வருஷம் நான் கேட்கவே இல்லை."

வரிசை நகர்ந்தது. அவர் காலை இழுத்துக்கொண்டு ஏறிப்போனார்.